பட்டாசு மண்ணில் சுற்றுச்சூழற் கல்வி



நம் இதழின் வாசகர்களுள் ஆசிரியப் பணி புரிவோர் பலர். பள்ளி செல்லும் பிள்ளைகளைப் பெற்றோர் அவரினும் பலர். பள்ளிகளில் சுற்றுச்சூழற் கல்வி எவ்வாறு நடைபெறுதல் வேண்டும் என்பதை இவ்விரு சாராரும் சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதுகிறேன். என் பணிக்காலத்தின் முற்பகுதி வகுப்பறையிலும் பிற்பகுதி ஆசிரியப் பயிற்சி மாணவியரோடும் கழிந்தது. அப்பிற்பகுதியில், விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் நான் கண்டு கற்றவற்றையே இங்குத் தருகின்றேன்.

கை உயர்த்தாத சிறுமி

2004ஆம் ஆண்டு என்பது என் நினைவு. சிவகாசிக்கு அருகில் ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளி. பயிற்சி மாணவி ஒருவர் நான்காம் வகுப்பிற்குக் 'காற்று மாசுபடுதல்' என்னும் தலைப்பில் மாதிரிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் பின்வரிசையில் அமர்ந்து மதிப்பீட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். படங்கள் நன்றாக இருந்தன. குரல் தெளிவாக இருந்தது. கரும்பலகையில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. பாடத்தின் முடிவில் அம்மாணவி, "பட்டாசு காற்றின் பகைவன்" என்று எழுதி, "இனிப் பட்டாசு வேண்டாம் என்று சொல்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு சிறுமி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

காரணம் கேட்டபோது அவள் எழுந்து நின்று, "எங்க அம்மா பட்டாசு ஆலைக்குத்தான் போகுது டீச்சர். வேண்டாம்னு சொன்னா அம்மா எங்க போகும்?" என்றாள்.

பயிற்சி மாணவி திகைத்து என்னைப் பார்த்தார். நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன். 'கருத்து விளக்கம்: மிக நன்று' என்று அதற்குள் எழுதிவிட்டிருந்தேன். உயர்ந்த கைகளுள் பெரும்பாலானவை ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கைகளே என்பதும், அவை ஆசிரியை விரும்புவதை அறிந்து உயர்ந்த கைகள் என்பதும் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டன. பிழை அப்பயிற்சி மாணவியுடையது அன்று. அவருக்குப் பாடக்குறிப்பைத் திருத்திக் கொடுத்த என்னுடையது.

சுற்றுச்சூழற் கல்வி வந்த வழி

இக்கல்வி நம் பள்ளிகளுக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாக அறிவது நலம். 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் மானிடச் சூழல் மாநாடு கூடியது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுவது அதன் நினைவாகவே. 1977இல் அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் நடந்த மாநாடு, சுற்றுச்சூழற் கல்வியின் நோக்கங்களை ஐந்தாக வகுத்தது. அவையாவன: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை வகுத்தபோது, காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காப்பதோடு உயிர்களிடத்துக் கருணை கொள்வதையும் ஒரு கடமையாகச் சேர்த்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சுற்றுச்சூழல் பாதுகாப்பைப் பொதுக் கலைத்திட்டத்தின் கூறுகளுள் ஒன்றாக்கியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று, சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அது செவ்வனே நிறைவேறாமையால் 2003 டிசம்பர் 18 அன்று மீண்டும் ஆணை பிறந்தது. இதற்கிடையில் 2001-02ஆம் ஆண்டில், பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் அமைக்கும் 'தேசியப் பசுமைப்படை' தொடங்கப்பெற்றது.

திபிலிசி வகுத்த ஐந்தனுள், நம் வகுப்பறைகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. சுவரொட்டி எழுதினால் விழிப்புணர்வு. தேர்வு எழுதினால் அறிவு. மனப்பான்மையும் திறனும் பங்கேற்பும் பிள்ளை வாழும் வீட்டையும் தெருவையும் தொட்டால் அன்றி வருவதில்லை. அச்சிறுமியின் வகுப்பில் நாங்கள் தவறியது இவ்விடத்தில்தான்.

இம்மண்ணின் இயல்பு

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. கரிசல் மண்ணும், மழை பெய்தால் நிறைந்து கோடையில் வறளும் கண்மாய்களும் உடையது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. வேளாண்மை மட்டும் சோறு போடாத இவ்வூரிலிருந்துதான் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்னும் இருவர் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு வேண்டிய படச்சீட்டு அச்சிட்டதிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. இன்று இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசுகளுள் மிகப் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் செய்யப்படுவதே.

இத்தொழிலின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. நான் பணியேற்ற காலத்தில் விடிவதற்கு முன்னரே ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பலகையில் பிள்ளை இராது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், சிவகாசியை முன்வைத்து 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 2009இன் கல்வி உரிமைச் சட்டம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்நிலையைப் பெரிதும் மாற்றின. அத்தீர்ப்பு, சட்டத்திற்கு மாறாகப் பணியில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. ஆகவே இன்று நம் முன் அமர்ந்திருக்கும் பிள்ளை, தன் பெற்றோர் சிறு வயதில் இழந்த பள்ளியைப் பெற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை. அப்பிள்ளையிடம் பேசும் சொல்லை நாம் எடைபோட்டுப் பேச வேண்டும்.

மறுவாரப் பாடம்

மறுவாரம் அதே வகுப்பிற்குச் சென்றோம். இம்முறை கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. "உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆலையில் என்னென்ன எச்சரிக்கையோடு இருக்கிறார்கள் என்று கேட்டுவந்து சொல்லுங்கள்" என்று முன்னதாகவே சொல்லியனுப்பியிருந்தோம்.

கை உயர்த்தாத அச்சிறுமி முதலில் எழுந்தாள். தன் தாய் நைலான் சேலை உடுத்தி ஆலைக்குச் செல்வதில்லை, நூல் சேலைதான் உடுத்துவாள் என்றாள். இன்னொருவன், ஆணி அடித்த செருப்போடு உள்ளே விடமாட்டார்கள் என்றான். வேறொருவன், இரும்புக் கரண்டி கூடாது என்றான். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், வெயில் ஏறுமுன்பே மருந்து கலக்கும் வேலையை முடித்துவிட வேண்டும் என்றும் மற்றவர்கள் சொன்னார்கள்.

ஏன் நூல் சேலை? செயற்கை இழை உராயும்போது நிலைமின்சாரம் தோன்றும். அதன் சிறு பொறி மருந்துத் தூளைப் பற்றவைக்கப் போதும். ஏன் இரும்பு கூடாது? இரும்பு கல்லில் மோதினால் பொறி பறக்கும். ஏன் வெயிலுக்கு முன்? கலவை வெப்பத்திற்கும் உராய்விற்கும் அஞ்சும் பொருள். இவ்வாறு அன்று அரைமணி நேரத்தில் நிலைமின்சாரம், உராய்வு, வெப்பம், வேதிவினை என்னும் நான்கு பாடங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்தன. சீப்பால் தலைவாரிக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கும் சோதனையை அச்சிறுமியே செய்து காட்டினாள். அதன் பின்னரே புகையைப் பற்றிப் பேசினோம். ஆலைக்குச் செல்லும் தாயின் மூச்சுக்குள் போகும் தூளும், பட்டணத்துக் குழந்தையின் மூச்சுக்குள் போகும் புகையும் ஒரே பொருளிலிருந்து வருபவை என்று சொன்னபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது. இம்முறை கை உயர்த்தச் சொல்லவில்லை.

இதிலிருந்து நான் கற்ற விதி ஒன்று: பிள்ளையின் பெற்றோர் செய்யும் தொழிலை இகழ்ந்து சூழலைப் போற்றக் கற்பிக்க இயலாது. தொழிலில் உள்ள தீங்கைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். தொழிலாளியைக் குற்றவாளியாக்கலாகாது.

செயல்திட்டங்கள் ஐந்து

பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம் ஓர் ஆண்டில் செய்யத்தக்க ஐந்து செயல்திட்டங்களைக் கூறுகின்றேன். செலவு சிறிது, பயன் பெரிது.

1. கூரைநீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். பள்ளிக் கூரையைப் பிள்ளைகள் அளக்கட்டும். 200 சதுர மீட்டர் என்றால் 10 மி.மீ. மழைக்கு 2,000 லிட்டர். நேர்ப்பக்கமுள்ள கண்ணாடிக் குப்பியை வெட்டவெளியில் வைத்து, ஒவ்வொரு மழைக்கும் நீர் எத்தனை மில்லி மீட்டர் நின்றது எனச் சுவரில் குறிக்கட்டும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் தொட்டியும் இருக்கும் பள்ளிகள் பல. அவற்றில் மண் அடைத்துக் கிடப்பவையும் பல. ஐப்பசி மழைக்கு முன் குழாயைத் தூர்நீக்குதல் மன்றத்தின் முதற்கடமை ஆகட்டும். அடுத்து ஊர்க் கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் எது, அது எங்கே அடைபட்டுள்ளது என்று பெரியவர் ஒருவரோடு நடந்து பார்த்து வரைபடம் வரையட்டும். அந்நீர் இருக்கன்குடி அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடம் சென்று, மன்னார் வளைகுடாவை அடையும் வழியையும் அவ்வரைபடத்திலேயே காட்டலாம். நம் தெருச் சாக்கடை கடலில் முடிகிறது என்பதைப் பிள்ளை தன் விரலால் தொட்டு அறியும்.

2. காகிதக் கணக்கு

அச்சகம் நிறைந்த ஊரில் காகிதத்திற்குப் பஞ்சம் இல்லை. ஆயினும் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கப் பணம் இல்லை. ஓரம் வெட்டிய காகிதங்களையும் ஒருபக்கம் வெறுமையான தாள்களையும் கேட்டுப் பெற்று, தைத்துக் குறிப்பேடு ஆக்கலாம். அப்போது, எக்காகிதம் மட்கும், எது மட்காது என்று பிரித்தறியக் கற்பிக்கவேண்டும். பிளாஸ்டிக் மெழுகிட்ட பளபளப்புத் தாளையும் வெறுந்தாளையும் ஈரமண்ணில் தனித்தனியே புதைத்து, மூன்று மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் விளக்கம் வேண்டாதிருக்கும். தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பழைய வேட்டியிலும் சேலையிலும் பை தைக்கும் திறன் நம் பாட்டிமார் அனைவருக்கும் உண்டு. அவர்களுள் இருவரைப் பள்ளிக்கு அழைத்து ஒரு பிற்பகல் கற்பிக்கச் செய்யலாம்.

3. ஒலியும் வண்ணமும்

மேல்வகுப்பு மாணவர்க்குரியது இது. வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்பும் பட்டாசு 1999ஆம் ஆண்டின் விதிப்படி விலக்கப்பட்டது. டெசிபல் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்னும் கணக்கை மாணவர் அறிந்தால், 115க்கும் 125க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று என்பது விளங்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர்ப் பகுதியை அமைதி மண்டலமாக வைக்க வழிசெய்கின்றன. அந்நூறு மீட்டரைக் காலடியால் அளந்து ஊர்ப்படத்தில் வட்டமிடச் சொல்லுங்கள்.

வண்ணத்திற்கு வருவோம். மத்தாப்பின் பச்சை பேரியம் உப்பால், சிவப்பு ஸ்ட்ரான்சியம் உப்பால், மஞ்சள் சோடியத்தால், நீலம் செம்பின் உப்பால் வருவது. இவற்றுள் பேரியத்தின் நச்சுத்தன்மையைக் கருதி, 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளையும், சரவெடிகளையும் தடை செய்தது. வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணியாகக் குறுக்கியது. மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் அவர்களுடைய தந்தையர் 2015இல் தொடுத்த வழக்கு அது. பின்னர் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'பசுமைப் பட்டாசு' 2019 அக்டோபரில் அறிமுகமாயிற்று. அதில் நுண்துகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும் என்பது அந்நிறுவனத்தின் கூற்று. நூறில் முப்பது குறைந்தால் எஞ்சுவது எத்துணை என்று மாணவரையே கேளுங்கள். பசுமை என்னும் பெயரைக் கண்டு புகையே இல்லை என்று கொள்ளலாகாது என்பதை அவர்களே சொல்வார்கள். அதே வேளையில், இத்தடைகளால் இவ்வட்டாரத்தில் வேலைநாள் குறைந்த வீடுகள் உண்டு என்பதையும் வகுப்பில் பேசவேண்டும். தீர்ப்பின் இருபுறத்தையும் எடைபோடப் பழகும் மாணவனே நாளை நல்ல குடிமகனாவான்.

4. உயிர்காக்கும் பாடம்

2012 செப்டம்பர் 5. நாடெங்கும் ஆசிரியர் தின விழா நடந்துகொண்டிருந்த நண்பகலில், சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை தீப்பற்றி ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். மாண்டவர்களுள் ஆலைத் தொழிலாளர் மட்டுமல்லர்; உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிச்சென்ற அயலூராரும் இருந்தனர். அன்று முதல் ஆசிரியர் தின வாழ்த்தை என்னால் மகிழ்ச்சியோடு மட்டும் ஏற்க முடிந்ததில்லை. தீயைக் கண்டால் அதன் பக்கம் ஓடாதே, எதிர்ப்பக்கம் ஓடு என்னும் ஒரு பாடத்தை நாங்கள் எத்தனை வகுப்பில் நடத்தியிருந்தோம்? 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் மீண்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே இவ்வட்டாரப் பள்ளிகளில் சுற்றுச்சூழற் கல்வியின் முதற்பாடம் உயிர்ப்பாதுகாப்பே. தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசைப் பொறுக்கலாகாது; பிரித்து மருந்தைக் கொட்டிக் கொளுத்தலாகாது. தீபாவளிக்கு மறுநாள் குப்பை கூட்டும்போது பட்டாசுக் கழிவை வாளிநீரில் ஊறவைத்துப் பிறகே அகற்றவேண்டும். மற்றக் குப்பையோடு சேர்த்து எரிக்கலாகாது. பெட்டி ஒட்டுவதும் காகிதக் குழல் சுற்றுவதும் வீட்டில் நடக்கலாம். மருந்து வீட்டிற்குள் வரவே கூடாது. உரிமம் இன்றி வீட்டில் மருந்து அடைப்பது சட்டப்படி குற்றம். அதனினும், உறங்கும் குழந்தையின் தலைமாட்டில் தீயை வைப்பதற்கு ஒப்பாகும். இதனைப் பிள்ளைகளிடம் சொல்லி வீட்டில் சண்டை மூட்டுவதைவிட, பெற்றோர் கூட்டத்தில் பெரியவர்களிடமே ஆசிரியர் நேரில் சொல்வது முறை.

5. பத்து மரம், பத்து ஆண்டு

ஆண்டுதோறும் ஒரே குழியில் மரக்கன்று நடும் பள்ளிகளை நான் பார்த்திருக்கின்றேன். விழா நாளன்று நூறு கன்று. அடுத்த கோடையில் நூறு குச்சி. நூறு வேண்டா, பத்துப் போதும். வேம்பு, புங்கை, வாகை, புளி, நம் மாநில மரமாகிய பனை என இம்மண்ணுக்குரியவற்றையே தேர்க. ஒவ்வொரு மரத்திற்கும் ஒரு பதிவேடு, இரண்டு காவலர். கோடை விடுமுறையில் நீர் ஊற்றுவோர் யார் என்பது மார்ச் மாதத்திலேயே முடிவாகவேண்டும். கண்மாயை மூடிய சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஆராயலாம்: அது எங்கிருந்து வந்தது, அதன் கரியால் பிழைப்போர் யார், அதை அகற்றினால் அவ்விடத்தில் எதை நடுவது? சிறீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் சாம்பல் அணிலுக்காக 1988இல் அமைந்த சரணாலயம், 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அம்மலைக் காடே வைப்பாற்றின் கிளையாறுகள் பலவற்றுக்கும் தாய்வீடு. ஆண்டுக்கு ஒருமுறை அவ்வடிவாரத்திற்கு மாணவரை அழைத்துச் சென்றால், குழாயில் வரும் நீர் எங்கே பிறக்கிறது என்பதை அவர் கண்ணால் காண்பர்.

பட்டாசு வெடிக்காத ஊர்

அண்டை மாவட்டமாகிய சிவகங்கையில் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது; 1977இல் அறிவிக்கப்பெற்றது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களின் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் தீபாவளிக் காலத்தை ஒட்டியது. அவ்வூர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நீதிமன்ற ஆணையால் அன்று. பறவைகள் அஞ்சிக் கூட்டைவிட்டு அகலும் என்பதால். ஊர்ச் சிறுவர்க்கு வனத்துறையினர் இனிப்பு வழங்கிப் பாராட்டுவது வழக்கம். பறவையின் எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு உரமாவதையும் அவ்வூரார் அறிவர்.

பட்டாசு செய்து பிழைக்கும் ஊரும், பறவைக்காகப் பட்டாசைத் துறந்த ஊரும் சில மணிநேரப் பயணத் தொலைவில் உள்ளன. இரண்டையும் மாணவர் அறிய வேண்டும். ஒன்று பிழைப்பின் கட்டாயத்தையும், மற்றொன்று மனமுவந்த விரதத்தின் வலிமையையும் கற்பிக்கும். கட்டாயத்தால் வந்த நிறுத்தத்தைவிட மனமுவந்து வந்த நிறுத்தமே நிலைக்கும்.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

தீபாவளி நமக்கு வர்த்தமான மகாவீரர் நிர்வாணம் எய்திய நன்னாள். நிலம், நீர், தீ, காற்று, மரஞ்செடிகொடி ஆகியவற்றை ஓரறிவுயிர்களாகக் கொள்ளும் மரபில் வந்தோர் அந்நாளை விளக்கேற்றி வழிபடுதலே முறை என்பதை நம் பெரியோர் பலகாலும் கூறியுள்ளனர். அதனை நான் மீண்டும் வலியுறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கூறுவேன். "நாங்கள் பட்டாசு வெடிப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்லும் நம் பிள்ளை, அப்பட்டாசைச் செய்த கைகளை இழிவாக நினைக்குமானால், அப்பிள்ளை கற்றது பாதியே. வெடிக்காமல் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவரின் படிப்பிற்கு அளித்தால், மறுபாதியையும் கற்றதாகும். படித்த பிள்ளைக்கு வேறு தொழில் கிடைக்கும்; வேறு தொழில் கிடைத்தால் ஆலையை நம்பி நிற்கும் கட்டாயம் அவ்வீட்டிற்குக் குறையும்.

கோவில்பட்டிக்கு அருகே கழுகுமலை உள்ளது. பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்க நம்மவர் குடும்பத்தோடு செல்வதுண்டு. அவ்வழியெங்கும் தீப்பெட்டி ஆலைகள். அடுத்தமுறை செல்லும்போது, வழியில் காணும் தொழிலாளர் வாழ்வைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசுங்கள்.

ஆசிரியர் தவிர்க்க வேண்டியவை

ஒன்று: பிளாஸ்டிக் ஒழிப்புக் கண்காட்சிக்குத் தெர்மாகோல் வாங்கி மாதிரி செய்வது. இரண்டு: பிள்ளைகளை வெயிலில் ஊர்வலமாக நிறுத்திப் புகைப்படம் எடுப்பதோடு நிறைவடைவது. மூன்று: ஆசிரியரே செய்து, மாணவர் பெயரை எழுதுவது. நான்கு: தீமையை மட்டும் சொல்லி அச்சுறுத்துவது, அஞ்சிய பிள்ளை செயல்படாது. ஐந்து: தாமே கடைப்பிடிக்காததைக் கற்பிப்பது. பிளாஸ்டிக் பையில் உணவு கொண்டுவரும் ஆசிரியரின் மஞ்சப்பைப் பாடம் மாணவர்க்கு நகைப்பையே விளைவிக்கும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டுக் கூரையின் பரப்பு என்ன? 25 மி.மீ. மழைக்கு அதிலிருந்து எத்தனை லிட்டர் நீர் கிடைக்கும்?
2. உங்கள் ஊர்க் கண்மாய் அல்லது ஏரிக்கு நீர் வரும் வழி எது? அதைக் கடைசியாகத் தூர்வாரியது எப்போது என்று பெரியவர்களைக் கேட்டறிக.
3. பட்டாசு ஆலைத் தொழிலாளி நூல் ஆடை உடுத்துவதற்குக் காரணம் யாது?
4. கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் போல உங்கள் குடும்பம் பிற உயிரின் பொருட்டு எதனை விட்டுக்கொடுக்க இயலும்? குடும்பத்தோடு பேசி ஒன்றை எழுதுக.
5. நாம் பயன்படுத்தும் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் செய்தவருக்கு அதனால் நேரும் இடர் யாது எனக் கண்டறிக.

அன்று கை உயர்த்தாத அச்சிறுமிக்கு இப்போது முப்பது வயதளவில் இருக்கும். அவளுக்குப் பிள்ளை இருந்தால் அது பள்ளி செல்லும் வயது. அப்பிள்ளையின் வகுப்பில் இன்று சுற்றுச்சூழற் பாடம் நடத்தும் ஆசிரியர், தம் பாடத்தைக் கேட்டு அப்பிள்ளை தலைகுனியாதவாறு நடத்துவாராக. அத்தகைய பாடமே வீடுவரை செல்லும்.

அறம் வளர்க!